பந்து விழுமுன் திருப்பிய எண்

மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில் கறுப்பாக ஓர் இரண்டு. மூலை உடைந்தது. சென்ற ஆண்டிலிருந்து என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கிறது.

டத்தோ கிராமாட்டில் ஒரு மண்டபத்தைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. கூடைப்பந்துப் போட்டி நடந்தால் மேசையில் உட்கார்ந்து புள்ளி அட்டைகளையும் திருப்புவேன். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அது தோதான வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. மேசையில் இருப்பவர் எந்த அணிக்கும் கைதட்டக் கூடாது. என் மகள் ஆடும் நாள்களில் மட்டும் அதற்காகக் கைகளை மேசைக்கடியில் கோத்துக்கொள்வேன்.

பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தும் ‘கார்டு’ அவள். ஆனால் பந்து கைக்கு வந்த மறுநொடியே, சூடு பட்டவள்போல வேறொருத்தியிடம் தள்ளிவிடுவாள். அணி வரிசையாகத் தோற்றது. கடைசி ஆட்டமும் போனால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். “போடு லா, பிள்ள! யாருக்குக் காத்துக்கிட்டு இருக்க?” என்று அவர் கத்தும்போதெல்லாம் நான் குனிந்துகொள்வேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் எதிரணி நாற்பத்தொன்று, நாங்கள் நாற்பது. சில நொடிகளே மிச்சம். வளையத்துக்கு அடியில் மகளிடம் பந்து. எதிரே ஆளில்லை. அவள் கைகள் உயர்ந்தன. என் கை தானாக நாற்பதை நாற்பத்திரண்டாக்கியது.

அவள் பந்தைப் பக்கத்தில் நின்றவளிடம் தள்ளினாள். எதிரணிக்காரி பறித்துக்கொண்டாள். மணி அடித்தது.

“அங்கிள், பந்து இன்னும் உள்ள போகல லா!” என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. அத்தனை பேர் முன்னால் இரண்டை மறுபடி பூஜ்யமாக்கினேன். அவசரத்தில் அட்டையின் மூலை உடைந்தது. மகள் புள்ளிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போகையில் சிவப்பு விளக்கில் கேட்டுவிட்டேன். “ஏன்மா போடல?”

“தப்பிப் போச்சுன்னா எல்லாரும் என்னத்தானேப்பா பார்ப்பாங்க.”

கோபம் நெஞ்சுவரை வந்து நின்றது. மண்டபத்தில் என்னை மேற்பார்வையாளராக்க இரண்டு முறை கூப்பிட்டும், கூட்டத்தில் எழுந்து பேச வேண்டுமே என்று மறுத்தவன் நான். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன்.

அணி கலைந்தது. மண்டபத்துக்குப் புது அட்டைகள் வந்தபோது அந்த இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன வாரம், கெப்பாலா பத்தாஸில் ஓர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மகளே சொன்னாள். போனோம். வாசலில் இருவரும் நின்றுவிட்டோம்.

“நீ போயி கேளும்மா.”

“நீங்க கேளுங்கப்பா.”

உள்ளே பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் நோட்டை மூடினார். நடந்தேன். அவர் முன்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். அன்று நான் அவள் கைகளைப் பார்த்ததுபோல, அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, என் மக கார்டு ஆடுவா. பேர எழுதிக்குங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நோட்டைத் திறந்தார்.

காலணி எடுக்க மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்த மகள் அட்டையைக் கண்டுவிட்டாள். உடைந்த மூலையைத் தடவினாள். பிறகு என் கையில் வைத்தாள்.

“இந்தத் தடவ பந்து விழுற வரைக்கும் பொறுத்துத் திருப்புங்கப்பா.”