சுடுகுழாயில் உறைபனி

நம்பும்படி யாரையும் கெஞ்சப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும் கையால்தான் இதையும் எழுதுகிறேன். இது எனக்கு நடந்தது.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம். அங்கே தங்கத் தாதுவைப் பரிசோதிக்கும் வேலை எனக்கு. அரைத்த பாறையைச் சயனைட் கரைசலில் கலக்கினால் தங்கம் கரைந்து வரும். குளிரில் மெதுவாக, சூட்டில் வேகமாக. அந்தச் சூட்டை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, நிலத்தின் வெப்பமாகவே குழாய் வழியே எடுத்தோம். ஒரே ஒரு பயம்தான். தொட்டியில் சுண்ணாம்பு குறைந்தால் விஷவாயு கிளம்பும். சூடு கூடினால் இன்னும் வேகமாக.

தை மாதம். மாலை ஐந்து மணிக்கே இருட்டு. வெளியே பனிப்புயல். என்னோடு நிற்க வேண்டியவர் பஸ்ஸில் சிக்கியிருந்தார். நான் தனியே நின்றேன்.

தொட்டியின் சூடு இறங்கத் தொடங்கியது. நாற்பது... முப்பத்தைந்து... முப்பது...

ஒஷாவா வீதியில் காருக்குள் மாட்டியிருந்த எங்கள் பொறியியலாளர் ராகுலனை அழைத்தேன்.

"பாலேஸ் அக்கா, சூடு விழுந்தா டெஸ்ட் போச்சு. நாளைக்குக் காலமை காசு போடுற ஆக்கள் பார்க்க வருகினம். பிறகு நாங்கள் எல்லாரும் கோப்பிக் கடையில வேலைக்குத்தான் நிக்கோணும்."

"கிணத்து வால்வு முழுக்கத் திறந்துதானே கிடக்கு, தம்பி."

"அப்ப கரண்ட் ஹீட்டரைப் போடுங்கோ."

"ஓம், போடுறன்."

சுவிட்ச் குழாயருகே இருந்தது. போனேன்.

கை வைத்தால் சுடும் குழாய் அது. அதில் இரண்டு இடங்களில் மட்டும் உறைபனி. ஐந்து விரல்... ஐந்து விரல்... குளிர்காயும் இரண்டு கைகள்.

யாரும் இல்லை.

சுவிட்சைத் தொட்டேன். டொக்... டொக்... குழாய் அதிர்ந்தது.

கையை எடுத்தேன். நின்றது.

மறுபடி தொட்டேன். டொக் டொக் டொக்...

ஓரடி பின்வாங்கினேன். ஆனாலும் மனம் இளகியது. யாரோ, பாவம், வேண்டாம் என்று கேட்கிறார்கள். கேட்டதைக் கொடுத்தால் என்ன?

"குளிருதோ?" என்றேன். "நில்லுங்கோ. நான் போடேல்லை."

என் சால்வையைக் குழாயில் சுற்றினேன்.

சால்வை மெல்ல... இறுகியது.

வாயு மணி அலறியது.

ஓடினேன்.

சுண்ணாம்புப் பம்ப் மத்தியானமே நின்றுவிட்டதாம். தொட்டி குளிர்ந்திருந்ததால்தான் வாயு மெல்ல வந்தது, வழக்கமான சூட்டில் நான் கதவு வரை வந்திருக்க மாட்டேன் என்றார் தீயணைப்புக்காரர். டெஸ்ட் போய்விட்டது. பெயர் தெரியாத அந்த உயிருக்காகக் கோயிலில் மோட்ச விளக்கு வைத்தேன்.

பனி கரைந்த பிறகு குழாயைக் கழற்றினார்கள். வெல்டிங் செய்யும் சீமோன் அண்ணை கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதை வந்து பார்."

நாலங்குலக் குழாய். நீளவாட்டில் பிளந்து வைத்திருந்தார். உள்ளே வெள்ளை உப்புப் படிவு. அதில் வளர்ந்த ஆளின் இரண்டு கைகள் பதிந்திருந்தன.

உள்பக்கம்.

கிணற்று வாய் வரை ஒவ்வொரு துண்டாகப் பிளந்தார். எல்லாவற்றிலும் கைகள். ஒன்றன் முன் ஒன்றாக, ஏறி வந்தது போல.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.