ஸ்னோகேட்டுக்குப் போன கட்டில்கள்

கியூபெக்கின் லவால் நகரில் ஒரு கோல்ஃப் மைதானம். பனிக்காலத்தில் அங்கே சறுக்க வருகிறவர்களுக்குப் பாதையைச் சமன்செய்து கொடுப்பது என் வேலை. அதற்கு ஒரு கிழட்டு ஸ்னோகேட் இருந்தது. சில்லுகள் இல்லாமல், குறுக்கே இரும்புச் சட்டங்கள் பூட்டிய ரப்பர் பட்டிகளில் உருளும் வண்டி. சட்டங்கள் தேய்ந்து மழுங்கிவிட்டதால், நடு மேட்டில் பாதி ஏறியதும் பட்டி சும்மா சுற்றும்; வண்டி பின்னுக்கு வழுக்கி வரும். சறுக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று கைதட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி மகா கஞ்சன். புதுப் பட்டி கேட்டால் காது கேளாதவர்போல் பைப் புகைப்பார். ஒருநாள், மேடு ஏறாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு உன்னையும் அனுப்பிவிடுவேன் என்றார். அவருக்கு அது பகிடி. எனக்கு அப்படியில்லை. மனைவி கொழும்பில் ஒரு லாட்ஜ் அறையில் காத்திருந்தாள். நிலையான வேலை காட்டினால்தான் அவளைக் கூப்பிட முடியும்.

நான் மட்டக்களப்பான். சேற்று வயலில் உழவு இயந்திரம் புதையாமலிருக்க இரும்புச் சில்லுப் பூட்டுவதைக் கண்டவன். பனியும் வெள்ளைச் சேறுதானே! தேய்ந்த சட்டங்களின்மேல் உயரமாகக் கோண இரும்பு பூட்டினால் கடித்துக்கொண்டு ஏறும் என்று கணக்குப் போட்டேன். செலவில்லாத கோண இரும்பு, கோட்-டெ-நெய்ஜில் நான் குடியிருந்த அறையில், இரும்புக் கட்டிலின் சட்டமாக என் முதுகுக்குக் கீழேயே இருந்தது. ஆனால் என் கட்டில் மட்டும் போதவில்லை. அறையில் இன்னொரு கட்டிலும் இருந்தது.

அது என் அறைத்தோழருடையது. மன்னார்க்காரர், ஞாயிறு பூசை தவறாதவர். பூசை முடிந்து வந்தவரை நிலத்தில் கிடந்த மெத்தை வரவேற்றது.

“என்ன ஐசே, கட்டில் எங்கை?”

“லவாலுக்குப் போயிட்டுது அண்ணை.”

“அங்கை ஆர் படுக்கிறது?”

“ஒருத்தரும் படுக்கல்ல. மேடு ஏறப் போகுது.”

அவர் மெத்தையை உதறி மூலைக்கு இழுத்துப் போட்டார். மறுநாள் தன் வேலைத்தலத்திலிருந்து துளைபோடும் மெஷினை இரவல் வாங்கி வந்தார். “கட்டில்தான் போச்சு, வேலையையாவது பிடியும்” என்றார்.

வண்டி ஏறியது. கைதட்டியவர்களைப் பார்த்து நான் கையசைத்துக்கொண்டே உச்சிக்குப் போனேன். மார்ச்சில் பனி மெலிந்தபோதும் அது அதே வெறியோடு கடித்து ஏறியது. ஏப்ரலில் பனி முழுக்க உருகியதும் என் வீரம் வெளிப்பட்டது. மைதானத்தின் மிக அழகான புல்மேட்டில், அடியிலிருந்து உச்சிவரை இரண்டு கரிய உழவுச் சால்கள். உழவு நேர்த்தியாகத்தான் இருந்தது.

முதலாளி முகம் சிவந்து, மாதா கோயில் பூசைச் சாமான் ஒன்று விடாமல் பெயர் சொல்லித் திட்டினார். கியூபெக்கில் திட்டுவது அப்படித்தான். வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். ஆனால் கஞ்சன் கஞ்சன்தான். வெளியாளைப் பிடிக்க மனம் வரவில்லை. நீ கிழித்ததை நீயே தை, புல் முளைத்தால் நீயே வெட்டு என்று என்னைக் கோடை முழுவதும் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அனுப்பவே இல்லை.

அடுத்த ஆண்டு மனைவி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் அழாத நான், மேட்டில் அவளை நிறுத்தி என் புல்லைக் காட்டியபோது அழுதுவிட்டேன். அவள் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடித்துப் பார்த்தாள்.

“நம்மட வயலில இதைப் புடுங்கத்தானே கூலி குடுப்பாங்க. இதை நட்டுத்தானா என்னைக் கூப்பிட்டீங்க?”