IXM அட்டை பிடித்து நின்ற காதர்

காதர் போய்விட்டான்.

காலையில் அவன் மகள் மும்தாஜ் போனில் சொன்னாள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாக..."

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். ஒரு மேஜையில் நான். அடுத்த மேஜையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் காதர். விமான டைம்டேபிள் புத்தகத்தைத் தொடர்கதை மாதிரி படிப்பான்.

சிகாகோ ஏர்போர்ட்டுக்கு ஏன் ORD என்ற மூன்றெழுத்துக் குறி என்று கேட்டால், "அந்த எடத்துக்குப் பழைய பேரு ஆர்ச்சர்டுலே. தோப்பு! நம்மூரு மாந்தோப்புல பிளேன எறக்குன மாதிரி" என்பான்.

ஃப்ரெஸ்னோ என்ற ஊருக்கு FAT. அன்றிலிருந்து எங்கள் தொந்தி முதலாளிக்கு ஃப்ரெஸ்னோ என்றுதான் பேர். கடைசிவரை அவருக்குத் தெரியாது, பாவம்.

மம்சாபுரத்து ராணுவக்காரர் ஒருவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கே வந்தார். "மதுரைக்குக் கேட்டா IXM-னு போட்டிருக்கீக. மீனாச்சி ஊருல எக்ஸ் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

காதர் அசரவில்லை. "அண்ணாச்சி, மொத ரெண்டு எழுத்து நம்ம நாட்டுல சின்ன ஏர்போர்ட் பலதுக்கும் பொது. நீங்க டூட்டி பாக்குற ஜம்முவுக்கும் IX தான். கடைசி M மட்டுந்தான் மதுரைக்கு." அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளில் நான் மஸ்கட் வந்துவிட்டேன். முதல் லீவில், மெட்ராஸில் மாறி மதுரையில் இறங்கினால்... வெளியே காதர். கையில் ஒரு அட்டை. என் பேர் இல்லை. சிவப்பு மையில் IXM.

"ஏலே, எம்பேர எழுத வேண்டியதுதான?"

"ஒம்பேர எழுதுனா நீ மட்டும் வருவ. இத எழுதுனா வாரவுக எல்லாரும் நம்மாளுக."

அந்த அட்டையை நம்பி, சங்கரன்கோவில் போகிற ஒரு குடும்பம் எங்கள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் டிக்கியில் போக வேண்டியதுதான் பாக்கி. அவன் சிரித்துக்கொண்டே அவர்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான்.

பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அதே அட்டை. அவன் மட்டும் கடைசிவரை விமானம் ஏறவே இல்லை. டிக்கெட் நான் போடுகிறேன் என்றால், "மாடிப்படி ஏறுனாலே எனக்குத் தல கிறுகிறுங்குது, ஆள விடுலே" என்பான்.

ஒரு தடவை முகம் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் இன்று சாயங்கால அஸர் தொழுகைக்குள் அடக்கம். நாளைக்கு முன்னால் என்னால் போய்ச் சேர முடியாது. "எனக்காக வச்சிருக்க வேண்டாம் தாயி" என்று மும்தாஜிடம் நானே சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

செத்த நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "மாமா, அட்டை பீரோ மேல இருக்கு. நாளைக்கு நான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வாங்க."

காதரு... டிக்கெட் போட்டுட்டேன். இந்தத் தடவ லேட்டாத்தான் வாரேன். ஏசாதலே.