இந்திராணியின் வண்டிக்கு மார்கழி ஒத்துக்கொள்ளவில்லை

பலமனேரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள் இந்திராணி. வயது நாற்பத்தாறு. விடிவதற்குள் பதினோரு வீடுகளில் பால் வாங்கி, இரண்டு கேன்களில் நிரப்பி, ஆறரை மணிக்குள் பால் நிலையத்தில் சேர்ப்பது அவள் வேலை. புருஷன் வீராசாமி பெங்களூருக்குத் தக்காளி லாரி ஓட்டுகிறான்; மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவன் ஓரங்கட்டிய இருபத்தைந்து வருடப் பழைய பைக்கை இவள் எடுத்துக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகி அவள் அதை உதைத்ததை முதலில் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

போன மார்கழியில் அந்த வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. சோக்கைப் போட்டு உதைப்பாள். இரண்டு முறை இருமும், கறுப்புப் புகை விடும், நின்றுவிடும். முப்பது உதைக்குப் பிறகு பெட்ரோல் நாற்றம்தான் மிச்சம். ஒரே வாரத்தில் இரண்டு நாள் தாமதம்.

“ஏமம்மா இந்திராணி, டேங்கர் உனுக்காக நிக்குமா?” என்றார் நிலையத்துப் பொறுப்பாளர் சந்திரசேகர். “இன்னொரு வாட்டி ஆலஸ்யமானா உன் லைன சிரஞ்சீவி ஆட்டோவுக்குக் குடுத்துருவேன். அப்பறம் கோச்சிக்காத.”

“குடுங்க சார். அவன் ஓட்டற ஓட்டுக்குப் பால் வராது, வெண்ணெதான் வரும்.”

சந்திரசேகர் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மெக்கானிக் அப்பாவு பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நடுப்பகல் வெயிலில் அவர் கடை வாசலில் முதல் உதையிலேயே கிளம்பியது. “வண்டி தங்கமா இருக்குது. நீ ஒதைக்கறதுதான் சரியில்ல,” என்று அனுப்பிவிட்டார். மறுநாள் விடியற்காலை மறுபடியும் அதே இருமல். பக்கத்து வீட்டுக்காரர் தள்ளிவிட்டதால் அன்று எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

திருப்பதியில் படிக்கும் மகள் மோனிகா போனில், “அத்த வித்துட்டு பட்டன் அமுக்கற வண்டியா ஒண்ணு வாங்கும்மா,” என்றாள்.

“மார்கழியில ஃபேன் போட்டுக்கினு தூங்கறவ, குளிரப்பத்தி எனுக்குப் புத்தி சொல்றா பாரு.”

குளிருக்கு அவள் ஒன்றும் செய்யாமல் இல்லை. மார்கழி பிறந்ததுமே வண்டியை மாட்டுக்கொட்டகைக்குள், கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். கன்றின் முதுகில் ஒரு சாக்கு, வண்டியின் மேல் ஒரு சாக்கு. சாயந்திரமானால் கொசுவுக்கு வேப்பிலை மூட்டம். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு சாயந்திரம் பால் வாங்கப் போனேன். கன்று இருமிக்கொண்டிருந்தது.

“நர்சம்மா, இத்த கொஞ்சம் பாருங்கோ.”

சித்தூர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நர்சாக நான் பார்த்தது மனிதர்களை. ஆனாலும் இருமலுக்கு முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். எப்போதிலிருந்து இருமுகிறது, எங்கே படுக்கிறது?

“மார்கழி பொறந்ததுலேர்ந்து. இங்கதான் படுக்குது.”

கொட்டகையில் எனக்கே கண் எரிந்தது. மூட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தவிட்டு டிரம். மூடியைத் திறந்தாலே தூசி பறந்தது.

“மருந்து வேணாம். புகைய நிறுத்து. கன்ன வெளிய காத்தோட்டமா கட்டு. நாலு நாள்ல நிக்கலன்னா மாட்டு டாக்டரக் கூப்புடு.”

கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கன்றைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

“நர்சம்மா, இதுவும் மார்கழி பொறந்ததுலேர்ந்துதான் இருமுது. இதுவும் இங்கதான் படுத்துக்கினு கீது.”

உடனே ஸ்குரூ டிரைவர் எடுத்து வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். காற்றை வடிகட்டும் ஸ்பாஞ்ச் உள்ளேயிருந்து வந்தது. புகைக் கரியும் தவிடும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடை போல ஒட்டியிருந்தன.

“இத்த வெச்சா ஒரு மாடு துன்னும்,” என்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். சோக் போட்டால் காற்று இன்னும் குறையும், பெட்ரோல் கூடும். “மூச்சு முட்டறவன் மூக்க நானே பொத்திக்கினு இருந்திருக்கறேன். அப்பாவு அண்ணன் பிளக்கப் பாத்தாரு, கார்புரேட்டரப் பாத்தாரு, மூக்கப் பாக்கல.”

ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நாலு தரம் அலசிப் பிழிந்து, சமையலறையில் உலர்த்தினாள். பிளக்கைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தாள். விடியற்காலை ஸ்பாஞ்சில் இரண்டு சொட்டு என்ஜின் ஆயில் தடவிப் பிசைந்து மாட்டினாள். பிளக்கை அடுப்பில் லேசாகச் சூடு காட்டி முடுக்கினாள்.

நான் பால் சொம்போடு போனபோது பனி கண்ணை மறைத்தது. தெருமுனையில் சிரஞ்சீவியின் ஆட்டோ தயாராக நின்றது. இவள் வண்டி கிளம்பாவிட்டால் கேனை ஏற்றிக்கொள்ளும்படி சந்திரசேகர் சொல்லி வைத்திருந்தாராம்.

“இன்னாக்கா, கேன ஏத்திக்கட்டுமா?”

இந்திராணி சோக்கைப் பாதி போட்டாள். முதல் உதைக்கு ஒன்றுமில்லை. சிரஞ்சீவி ஆட்டோவிலிருந்து இறங்கினான். இரண்டாவது உதைக்கு வண்டி பிடித்துக்கொண்டது. புகை வெள்ளையாக, மெல்லியதாக வந்தது. ஒரு நிமிடம் உறுமவிட்டுச் சோக்கைத் தள்ளினாள். சத்தம் சீரானது.

“ஏத்துடா தம்பி,” என்றாள். “என் வண்டியில ஏத்து.”

அவனும் சிரித்துக்கொண்டே இரண்டு கேனையும் தூக்கி மாட்டிக் கட்டிக் கொடுத்தான்.

பதினோரு வீட்டையும் முடித்து, ஆறு இருபதுக்கு அவள் நிலையத்தில் இருந்தாளாம். சந்திரசேகர் கடிகாரத்தைப் பார்த்தார், பாலை அளந்தார், பிறகு சிரஞ்சீவிக்குப் போன் போட்டார்.

“வேல இல்லப்பா. நீ போய்த் தூங்கு.”