ராமுத்தாயின் கிளட்ச் இல்லாத கார்

அப்படியெல்லாம் பேசக் கூடாது. ஆனைக்குட்டம் கம்மாய்க்கரையில மூணு நாளா மெக்கானிக் சங்கிலிமுத்தோட ராமுத்தாய் கார்ல சுத்துனது நெசம்தான், யாரு இல்லேன்னா? பின்சீட்டுல யாரு இருந்தான்னு பார்த்தீகளா? சங்கிலிமுத்து பொண்டாட்டி ராக்காயி இருந்தா. மடியில தண்ணிச் செம்பை வச்சுக் குனிஞ்சிருந்ததுல தலை வெளியே தெரியல. பாதியைப் பார்த்துட்டு முழுசாப் பேசுற ஊரு இது.

ராமுத்தாய்க்கு இடது கால் சின்னதுலேயே சூம்பிப்போச்சு. புருசன் செத்ததும் அண்ணன் பெத்தணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தா. ஆமத்தூர்ல புருசன் விட்டுட்டுப் போன பருத்திக்காடும் ஓட்டுவீடும் சும்மா கிடந்துச்சு. அங்கன போய் வெள்ளாமை பார்க்கணும்னு எட்டு வருசமாக் கேட்டுக்கிட்டே இருந்தா.

"பஸ் ஏற முடியாதவ காட்டை எப்படிப் பார்ப்பே?" அண்ணனுக்கு இந்த ஒரே பேச்சுதான்.

எல்லார் கையிலயும் செல்போன் வந்துக்கிட்டிருந்த வருசம் அது. தை மாசம் மதுரையில ஒரு பழைய கார் வாங்கினா. கிளட்ச் கிடையாது, கியரைக் கையால மாத்தவும் வேண்டாம், வலது கால் ஒண்ணே போதும். ஓட்டப் பழகி, ஆவணியில ஆமத்தூருக்குக் குடிபோக நாளும் குறிச்சுட்டா.

ஆடியில வந்துச்சு வினை. வேகமாப் போனா வண்டி ஒழுங்கா ஓடும். மெதுவாப் போனாப் பின்னால இருந்து யாரோ உதைச்ச மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும். விருதுநகர்ல ஒரு பட்டறைக்காரர் கியர்பெட்டியே போச்சுன்னு கையை விரிச்சுட்டார். பெத்தணன் காத்திருந்த மாதிரி விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருத்தருக்கு வண்டியை விலை பேசி, வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டார். கார் போனா ஆமத்தூரும் போச்சு.

சங்கிலிமுத்து லாரி ரிப்பேர் பார்த்தே வயித்தைக் கழுவுனவர். ஆனாலும் வந்தார். இஞ்சினை ஓடவிட்டு, கியர்பெட்டி ஆயில் குச்சியை உருவி மோந்தார். "செக்கச்செவேல்னு இருக்கு தாயி, தீஞ்ச வாடையும் இல்ல. பெட்டி கெடல. எப்ப வெட்டுதுன்னு தெரியணும், நீங்க ஓட்டுங்க."

ராக்காயி பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்துத் தட்டு தூக்குறவ. சிந்தினா உயிர் போயிரும்னு பழகின கை. அந்தக் கையில செம்பு தளும்புச்சுன்னா அது வண்டியோட குத்தம்தான். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தார்.

"இந்தா, ஊத்திருச்சு," அப்படிம்பா ராக்காயி.

"கியர் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு மாறுது," அப்படிம்பார் அவர்.

"எதுக்கு வேணா மாறட்டும், என் சீலை நனையுது."

மூணாம் நாள் சங்கிலிமுத்து கேட்டார். "என்னைக்கிலேர்ந்து தாயி இப்படி?"

ராமுத்தாய் யோசிச்சா. "முதல் ஆடி வெள்ளிக்கு மறுநாள்லேர்ந்து."

"அன்னைக்கு வண்டிக்கு என்ன செஞ்சீக?"

"மதினி பூசை போட்டாக."

வீட்டுக்கு வந்து முன்மூடியைத் திறந்து, டார்ச் அடிச்சு உள்ளே துளாவினார். ஒரு மெல்லிசு கேபிள்ல மஞ்சத்துண்டு வச்சு, பக்கத்துக் கம்பியோட ஏழு சுத்துச் சுத்தி, காப்புக்கயிறு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. நாத்தனாருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு இருக்கன்குடி மாரியம்மாளுக்கு நேந்து மதினி பொன்னுத்தங்கம் கட்டுனது.

"நாம எம்புட்டு மிதிக்கோம்னு கியர்பெட்டிக்குச் சொல்ற கேபிள் இது," அப்படின்னார் சங்கிலிமுத்து. "இதை இழுத்துக் கட்டினா, லேசா மிதிச்சாலும் அது ஓங்கி மிதிச்சதா நினைச்சுக்கிட்டு வெடுக்குனு மாத்துது."

பெத்தணன் குறுக்கே வந்து நின்னார். "சாமி கயித்துல கை வைக்காதீக. நேர்ச்சை. நாளைக்கு அவுக வந்து வண்டியை அப்படியே எடுத்துக்கட்டும்."

சங்கிலிமுத்து கையை இழுத்துக்கிட்டார். அந்நேரம் அடுப்படியிலேர்ந்து பொன்னுத்தங்கம் ஈரக்கையோட வந்தா.

"நேந்தது வண்டிக்கா, இவளுக்கா? கட்டுனவ நான். தள்ளுங்க." புருசனை ஒதுக்கிட்டு முடிச்சை அவுத்தா. மஞ்சத்துண்டோட அந்தக் கயித்தை ராமுத்தாய் கையில கட்டிவிட்டா. "எங்கன கட்டணுமோ அங்கன கட்டியிருக்கணும். எம்மேலதான் தப்பு."

பெத்தணன் திண்ணைக்குப் போயிட்டார்.

கேபிளை நிமித்திவிட்டாரு சங்கிலிமுத்து. ராமுத்தாய் தெருமுனை வரைக்கும் ஊர்ந்து போய்த் திரும்பி வந்தா. ஒரு வெட்டு இல்ல. பெத்தணனே வேண்டா வெறுப்பா விஸ்வநத்தத்துக்குப் போன் போட்டு, வண்டி கொடுக்கிறதில்லேன்னு சொல்லிட்டார்.

ஆவணி பிறந்து மூணாம் நாள் காலையில, ராமுத்தாய் சீலை நாலை மடிச்சு ஒரு பையில வச்சா. விதைப்பருத்தி மூட்டையைப் பின்சீட்டுல ஏத்தச் சொன்னா. நிலைப்படியில நின்ன அண்ணன், "ஒத்தையில பயமா இருக்காதா?"ன்னு கேட்டார்.

"பயந்தா உங்களைக் கூப்பிடுதேன். கொஞ்சம் ஒதுங்குங்க அண்ணே, கால் இழுக்கு."

அவர் ஒதுங்கினார். வலது காலை முன்னால வச்சு, இடது காலை இழுத்துக்கிட்டு, ராமுத்தாய் வாசலைத் தாண்டிப் போனா.