பாலம் விழாத ஆட்டம்

நூற்று எழுபத்தாறு. இந்த எண் நினைவில் இருக்கட்டும். வைரக்கண்ணு ஒரே ஆட்டத்தை இழுத்த வெள்ளிக்கிழமைகள் இத்தனை. இருபது வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது.

காலை பதினொன்றுக்குச் சாப்பாட்டு மேசையைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போடுவார். பரணில் கட்டிய கம்பியில் போன் தலைகுப்புறத் தொங்கும். கீழே சார்ட் அட்டையில் வரைந்த போர்க்களம்: ஓர் ஆறு, ஒரு பாலம், தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். படைகள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்தவை. ஓரத்தில் இன்னும் மஞ்சள் கறை உண்டு. ஒரு பீரங்கிப் படையின் முதுகில் ‘நல்வரவை விரும்பும்’ என்றிருக்கும். பாலிடெக்னிக் விடுதியில் நான்கு நண்பர்கள் உட்கார்ந்து வெட்டியது.

வைரக்கண்ணுவுக்கு வேலை, சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில். பதினாறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரம் கேட்டு மூன்று மனு. ஒன்றுக்கும் பதில் கிடையாது. கேட்டு வாங்க முடிந்தது வெள்ளிக்கிழமை விடுப்பு மட்டும். லாரிக்காரர்கள் கெஞ்சினாலும் பத்து கிலோ மாற்றிப் போடமாட்டார். "மெஷின் என்ன சொல்லுதோ அதாங்க. எனக்கு வாய் கெடையாது."

நண்பர்கள் சிதறியபின் ஆட்டம் போனில் வீடியோ அழைப்புக்கு மாறியது. மணிவண்ணன் தன் படை அழிந்த வாரம், "அடுத்த ஆட்டத்துக்குக் கூப்புடு மாப்ள" என்றார். ராஜாவும் தோற்ற அன்று அதையே சொன்னார். அப்புறம் இருவரும் போனை எடுக்கவே இல்லை.

மிச்சம் அறிவரசன். வளைகுடாப் பாலைவனத்தில் குழாய் பதிக்கும் முகாமில் இருக்கிறார். "வெள்ளிக்கெழம இது இல்லன்னா நா இங்க என்னாவேன்னு தெரியலடா" என்று ஒருமுறை சொன்னார். சொன்ன வேகத்திலேயே, "மூணாம் படைய ரெண்டு கட்டம் தள்ளு" என்றார்.

இருவருக்கும் பகடை உருட்டுவது வைரக்கண்ணுதான். அது மேசை ஓரத்தில், போனின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் விழும். விழுந்ததை வாயால் சொல்வார். பாலத்தைக் காப்பது அறிவரசன். அவருக்கு நாலுக்குக் கீழே விழுந்தால் பாலம் போச்சு, ஆட்டமும் முடிந்தது. இத்தனை வாரமாகப் பாலம் போகவில்லை.

போன வெள்ளி, தட்டு வைக்க வந்த மனைவி புவனேஸ்வரி நின்று பார்த்தார்.

"அஞ்சு மாப்ள. பொழச்ச" என்றார் வைரக்கண்ணு.

"ஒண்ணுதானங்க விழுந்துருக்கு? அஞ்சுங்குறீங்க?"

 போனில் முகாம் ஏசியின் இரைச்சல் கேட்டது.

"எத்தன நாளாடா?" என்றார் அறிவரசன்.

வைரக்கண்ணு பத்திரிகை அட்டை ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எடமேடையிலயும் இப்புடித்தானா?"

"இல்லடா."

"சரி, இது கணக்குல வாணாம். திரும்பப் போடு. தட்டுல போடு, எனக்குத் தெரியற மாதிரி."

"வாணாம் மாப்ள. சோறு ஆறுது."

"போடுறா."

புவனேஸ்வரி எவர்சில்வர் தட்டைப் போனுக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தார். பகடை தட்டில் சுற்றியது. நிற்பதற்குள் வைரக்கண்ணு அதை உள்ளங்கையால் மூடிவிட்டார்.

"கைய எடுடா."

ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

இரண்டு.