அப்பா தின்ற பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் எங்கள் வீட்டில் பாயை விரித்துச் சீட்டுக்கட்டைப் போட்டுவிடுவார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேருக்கும் மூணு சீட்டு என்றால் உயிர். எங்கள் ஊர் போடியில் மற்ற வீட்டு ஆம்பளைகள் ஒளிந்து ஆடுவார்கள். எங்கள் வீட்டில் கட்டைக் கலைத்துப் போடுவதே அம்மாதான். காசு வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதனால் பந்தயத்துக்கு ஏலக்காய்.

குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் ஜீப்பில் இறங்கி வந்ததும் வீட்டில் உட்கார்ந்து தரம் பிரிப்போம். வெடித்தது, வெளுத்தது, விலைக்குப் போகாதது எல்லாம் ஒரு டப்பாவில் சேரும். அதில் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு ஆடுவார்கள். பெரிய சீட்டு வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஒன்றுமே இல்லாதவர்கூட, இருப்பதுபோலக் காயை ஏற்றிக்கொண்டே போய், மற்றவர்கள் பயந்து சீட்டைக் கீழே போட்டுவிட்டால் ஜெயிக்கலாம். அப்பா அதில்தான் கெட்டிக்காரர். அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது.

பத்தாவது படிக்கும்போது எனக்கும் பாயில் இடம் கிடைத்தது. நான் கூச்சக்காரி. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க வராது. "ஏத்தா, பாயிலயா எழுதியிருக்கு? மூஞ்சியப் பாத்து ஆடு" என்று சித்தப்பா கேலி செய்வார். நான் எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் ஒன்றைக் கண்டுகொண்டேன். நல்ல சீட்டு வந்தால் அப்பாவின் விரல்கள் சும்மா கிடக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் ஏற்றும்போது மட்டும் கட்டைவிரல் அவர் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் பிளக்கும். உள்ளே இருக்கும் ஏல அரிசி வாய்க்குப் போகும். வாசம் எழும்பும். "அண்ணே, பந்தயத்தையே தின்னுட்டா எத வச்சு ஆடுவீக?" என்று சித்தப்பா சிரிப்பார். அது வெறும் வாய்ப்பழக்கம் என்று அவர் நினைப்பு.

பத்தாவது முடிந்ததும், கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்த தையல் வகுப்பில் சேர ஆசைப்பட்டேன். அம்மா மூலமாகத்தான் கேட்டேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"யாராவது வழியில நின்னா, தள்ளுன்னு சொல்ல மாட்டா. தனியா எப்படிப் போயிட்டு வருவா?"

"ஏங்க, சினிமாவுக்குப் போறதுக்கே ஆட்டம் வச்சுத்தான் முடிவு பண்ணுவீங்க. இதுக்கும் வைங்க" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். "சரி. வர்ற ஞாயித்துக்கிழம கடைசி ஆட்டத்துல என்னைய ஜெயிச்சுட்டாப் போகட்டும். எனக்குப் பயப்படாதவ ஊருக்கா பயப்படப் போறா?"

அந்தக் கடைசி ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஏழு வந்து ஜோடி சேர்ந்தது. சுமாரான சீட்டுதான். அம்மாவும் சித்தப்பாவும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். அப்பா காயை ஏற்றினார். நானும் வைத்தேன். அவர் ஒரு கை நிறைய அள்ளி நடுவில் தள்ளினார்.

"போட்டுரு ஆத்தா. உங்கப்பா மூஞ்சியப் பாத்தா மூணு ராஜா இருக்கும் போலருக்கு" என்றார் சித்தப்பா.

போட்டுவிட்டால் தையல் வகுப்பு போச்சு. குனிந்தே இருந்தேன். அப்பாவின் கட்டைவிரல் ஒரு காயைத் தேடி எடுத்தது. வாசம் வந்தது.

என் குவியல் முழுவதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன். "காட்டுங்கப்பா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. ஜோடிகூட இல்லை.

சித்தப்பா தொடையில் தட்டினார். "அண்ணே, ஒங்க பொண்ணு ஒங்களையே உரிச்சுப் போட்டுட்டா!"

அப்பா என் ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டா ஏறி வந்தே?" என்று கேட்டார். அன்றுதான் அவர் முகத்தை நன்றாக நிமிர்ந்து பார்த்தேன். கோபம் இல்லை.

மறுநாளே தனியாகக் கடைத்தெருவைத் தாண்டிப் போனேன். மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். விட்டார்.

எப்படித் தெரிந்தது என்று அப்பா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். நான் சொல்லவில்லை. வகுப்பு முடிந்தால் சொந்தமாக ஒரு தையல் மிஷின் வேண்டியிருந்தது. அதற்கும் அவர் ஆட்டம்தானே வைப்பார்.